தூரத்தைக் கூட்டுவதற்காகக் குடைந்த சுரங்கம்

சுரங்கப்பாதையை எதற்குக் குடைகிறார்கள் என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளையும் பதில் சொல்லும். மலை குறுக்கே நிற்கிறது, சுற்றிப் போனால் தூரம், அதனால் ஊடறுத்துப் போகிறார்கள். ஜேர்மனியின் தெற்கு ஓரத்தில், சுவிஸ் எல்லையை ஒட்டிய வூட்டாக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஸ்டொக்ஹால்ட சுரங்கம் இந்தப் பதிலுக்குள் அடங்காது. நீளம் 1,700 மீட்டர். மலையின் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வெளியேறுகிற சங்கதியே அதில் கிடையாது. உள்ளே கிட்டத்தட்ட ஒரு முழு வட்டம் அடித்துவிட்டு, புகுந்த பக்கமாகவே, சுமார் 15 மீட்டர் உயரத்தில் வெளியே வருகிறது. சுருள் படிக்கட்டின் ஒரேயொரு சுற்றை எடுத்து மலைக்குள் ஒளித்துவைத்த மாதிரி. ஜேர்மனியில் இப்படி வட்டமடிக்கும் ரயில் சுரங்கம் இது ஒன்றுதான். இதைக் கட்டியவர்கள் தூரத்தைக் கூட்டுவதற்காகவே மலையைக் குடைந்தார்கள்.

பாதையின் முறையான பெயர் வூட்டாக் பள்ளத்தாக்கு ரயில்பாதை. ஊர்ச்சனம் பன்றிவால் ரயில் என்கிறது. வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. வெயில் காலத்தில் ஆவி எஞ்சின் பூட்டிய பழைய பெட்டிகள் ஓடும். குடும்பம் குடும்பமாக வருவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ கனடாவிலிருந்தோ உறவுக்காரர் யாராவது வந்தால் நானும் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவேன். எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் போய்வந்த பிறகு ஒரு கேள்வி மனதை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. இவ்வளவு அழகான ஒன்றை ஊருக்காகக் கட்டவில்லை, போருக்காகக் கட்டினார்கள். பிரான்சோடு மறுபடி போர் மூண்டால் படையையும் பீரங்கியையும் கொண்டுபோகக் கட்டிய பாதை இது. யாரும் இதை மறைக்கவில்லை. நிலையத்துப் பலகையிலேயே இருக்கிறது. வாசிப்பவர்கள் தலையாட்டிவிட்டு ஐஸ்கிரீம் கடைப் பக்கம் நகர்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நூற்று முப்பது வருடத்துக்கு முந்தைய கதை. போரைப் பார்த்த வீட்டில் பிறந்த எனக்கு அந்தப் பலகையை அவ்வளவு சுலபமாகத் தாண்ட முடியவில்லை, அவ்வளவுதான்.

இருட்டுக்குள் நாலு நிமிடம்

பயணம் ப்ளும்பெர்க் ஊரின் சோல்ஹவுஸ் நிலையத்தில், மேலிருந்து கீழ்நோக்கித் தொடங்கும். முதலில் 805 மீட்டர் நீளமான புஹ்பெர்க் சுரங்கம். அது நேர்மையான சுரங்கம், மலையைத் துளைத்து மறுபக்கம் விடும். அப்புறம் எப்ஃபன்ஹோஃபன் என்ற சின்னக் கிராமம் பள்ளத்தில் தெரியும். பாதை அதைக் கடந்து போகாமல் பெரிய வளைவாகச் சுற்றுகிறது. 264 மீட்டர் நீளமும் 34 மீட்டர் உயரமுமான இரும்புப் பாலம் இந்த இடத்தில்தான் வருகிறது. படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் எடுப்பது இந்தப் பாலத்தைத்தான். பாலம் படத்தில் நன்றாக விழும். சுரங்கத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, அதன் அருமை முழுவதும் இருட்டுக்குள்.

ஃப்யூட்சன் தாண்டியதும் நடத்துநர் வந்து யன்னல்களை ஏற்றச் சொல்வார். வெளியே மரங்கள், பிறகு கல் முகப்பு, பிறகு ஒன்றுமில்லை. முதல் அரை நிமிடம் மற்றச் சுரங்கங்களைப் போலத்தான் இருக்கும். அதற்குப் பிறகுதான் வித்தியாசம் பிடிபடும். வளைவில் போகும்போது சில்லின் விளிம்பு தண்டவாளத்தை உரசுகிற அந்தக் கீச்சொலி இருக்கிறதே, வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். இங்கே நிற்காது. மெல்லிய, விடாத உரசல். வளைவுக்காகத் தண்டவாளத்தின் ஒரு பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்திருப்பதால் பெட்டியும் ஒரு பக்கம் சரிந்தே போகிறது. யன்னலோரம் வைத்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தால் தெரியும்: நீர்மட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நிற்கிறது. உடம்பு அந்தச் சாய்வுக்குப் பழகி, நேராகப் போகிறோம் என்று நம்பத் தொடங்கிவிடும். போத்தல் நம்பாது. நாலு நிமிடம் போல இப்படி. வெளிச்சம் வந்து, தண்ணீர் போத்தலில் நேராகிற அந்தக் கணத்தில் வெளியே பார்த்தால், கொஞ்ச நேரத்துக்கு முன் பார்த்த அதே சரிவு, அதே காடு. இந்த நாலு நிமிடத்தில் நாம் எங்கேயும் போய்ச் சேரவில்லை. கொஞ்சம் இறங்கியிருக்கிறோம்.

திரும்பி வரும்போது, அதாவது ஏறும்போது, காது கொடுத்துக் கேட்க வேண்டியது எஞ்சினின் மூச்சை. மலைப்பாதைகளில் எஞ்சின் சத்தம் ஏறி இறங்கும்; செங்குத்தான இடத்தில் திணறும், தட்டையான இடத்தில் இளைப்பாறும். இங்கே அடிவாரத்திலிருந்து உச்சிவரை பெரும்பாலும் ஒரே தாளம். அவசரமும் இல்லை, ஓய்வும் இல்லை. முதலில் அதைச் சுகமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தாளம் ஒரு கட்டளையிலிருந்து வந்தது என்பது கணக்குப் போட்டுப் பார்த்தபோது விளங்கியது.

ஆயிரத்துக்குப் பத்து

கணக்கு சின்னது. கீழே வைட்சன் நிலையம், மேலே ப்ளும்பெர்க்கின் சோல்ஹவுஸ். இரண்டுக்கும் நேர்கோட்டுத் தூரம் 9.6 கிலோமீட்டர். உயர வித்தியாசம் 231 மீட்டர். நேராகத் தண்டவாளம் போட்டால் ஆயிரம் மீட்டருக்கு 24 மீட்டர் ஏற வேண்டியிருக்கும். ஆவி எஞ்சினுக்கு அது கடினம்தான், ஆனால் முடியாத காரியம் என்று சொல்ல முடியாது. இதற்குச் சற்று வடக்கே, ஜேர்மனியின் தென்மேற்கு மூலையில் அன்றைக்கு இருந்த சிற்றரசான இதே பாடன் நாட்டில், ரொபேர்ட் கெர்விக் என்ற பொறியாளர் கட்டி 1873இல் முழுதாகத் திறந்த ஷ்வார்ட்ஸ்வால்ட் ரயில்பாதை ஆயிரத்துக்கு 20 வரை ஏறுகிறது. அதுவும் முக்கியமான பாதை, இன்றைக்கும் விரைவு ரயில்கள் ஓடுகின்றன. மலையை ஏறுவதற்குப் பாதையை வளைத்து நீட்டும் வித்தையை அந்தப் பக்கத்துக்குக் காட்டித்தந்தவர் கெர்விக். அவர் 1885இலேயே இறந்துவிட்டார். வூட்டாக் மலைப்பகுதியில் மண்வெட்டி விழுந்தது 1887இல்.

வூட்டாக் பாதைக்கு விதித்த எல்லை ஆயிரத்துக்கு 10. எங்கேயும் அதைத் தாண்டக் கூடாது. இந்த ஒரே எண்ணிலிருந்துதான் மற்ற எல்லாமே பிறக்கிறது. 500 தொன் எடையுள்ள ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்துக்கு 24 ஏற்றத்தில் புவியீர்ப்பு மட்டும் அதை 12 தொன் பாரத்தால் பின்னுக்கு இழுக்கும். ஆயிரத்துக்கு 10 என்றால் 5 தொன். அந்த வித்தியாசத்தில்தான் ஒரு எஞ்சின் தனியாக இழுத்துக்கொண்டு போகுமா, பின்னால் தள்ள இன்னொன்று வேண்டுமா, அல்லது அடிவாரத்தில் ரயிலை இரண்டாகப் பிரித்து ஏற்ற வேண்டுமா என்பது தீர்மானமாகும். பால் கேனும் மரக்கட்டையும் ஏற்றுகிற கிளைப்பாதைக்கு இந்தக் கவலை தேவையில்லை, அங்கே ரயிலே மூன்று நாலு பெட்டிதான். நீளமான, பாரமான ரயில்களை ஒன்றன்பின் ஒன்றாக, பிரிக்காமல், நிறுத்தாமல் அனுப்ப நினைப்பவர்களுக்குத்தான் அது தேவை.

ஆயிரத்துக்கு 10 என்றால் 231 மீட்டர் ஏற 23 கிலோமீட்டருக்குக் குறையாத பாதை வேண்டும். நிலத்தில் இருப்பதோ 9.6. மிச்சத்தை எங்கேயிருந்து எடுப்பது? பள்ளத்தாக்கில் பக்கவாட்டு மடிப்பு எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் பாதையை உள்ளே அனுப்பி வெளியே எடுத்தார்கள். எப்ஃபன்ஹோஃபனைச் சுற்றியது அதற்காகத்தான். ஃப்யூட்சனுக்கும் கிரிம்மல்ஸ்ஹோஃபனுக்கும் நடுவில் அப்படி நுழைய மடிப்பு இல்லை. அங்கேதான் மலைக்குள் வட்டம் போட்டார்கள். கடைசியில் பாதை 25 கிலோமீட்டர் அளவுக்கு நீண்டது. மூன்றே வருடத்தில், பெருமளவுக்கு இத்தாலியிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்களின் கையால், இத்தனை சுரங்கமும் பாலமும் முடிந்து 1890 மே 20ஆம் திகதி பாதை திறந்தது.

இதற்கு முன்னால் அந்தப் பள்ளத்தாக்கு மக்களுக்கு ரயில் வராமல் இல்லை. 1875-76இலேயே ரைன் நதிப் பக்கமிருந்து ஸ்டூலிங்கன் வழியாக வைட்சன் வரை பாதை வந்துவிட்டது. வந்து, அங்கேயே பதினொரு வருடம் நின்றது. மேலே மலையேற்றி அதைக் கொண்டுபோக வேண்டிய அவசரம் வியாபாரத்தில் யாருக்கும் இருக்கவில்லை. அந்த அவசரம் பெர்லினில் இருந்தது.

வரைபடத்தில் ஒரு நடுநிலை நாடு

1871இல் அல்சாஸ் ஜேர்மனியிடம் போனது. அதன் தெற்கு வாசலில் பெல்ஃபோர் கோட்டை பிரான்சிடமே இருந்தது. ஜேர்மனியின் தெற்குப் பகுதிப் படைகளின் பெரிய கோட்டைநகரம் டான்யூப் கரையில் உல்ம். போர் வந்தால் உல்ம் பக்கமிருந்து பெல்ஃபோர் பக்கம் படை போக வேண்டும். அதற்கு நல்ல ரயில்பாதை இருக்கத்தான் செய்தது: கொன்ஸ்டான்ஸ், சிங்கன், ஷாஃப்ஹவுசன், வால்ட்ஸ்ஹூட், பாசல் என்று ரைனை ஒட்டிப் போகிற பாதை. 1863இலிருந்து முழுதாக ஓடுகிறது. தட்டையான, சுலபமான பாதை. ஒரே சிக்கல், அது ஷாஃப்ஹவுசனில் ஒரு முறையும் பாசலில் ஒரு முறையும் சுவிஸ் மண்ணுக்குள் புகுந்து வருகிறது. 1852இல் பாடன் நாடும் சுவிசும் போட்ட ஒப்பந்தத்தின்படி பாடன் ரயில்கள் அந்த வழியே போகலாம். ஆனால் சுவிஸ் நடுநிலை நாடு. போரென்று வந்தால் ஒரு தரப்பின் படையைத் தன் மண் வழியே விட முடியாது.

அதனால் தளபதி மோல்ட்கவின் தலைமையிலிருந்த ஜேர்மன் படைத்தலைமையகம் வரைபடத்தை எடுத்து, சுவிசைத் தொடாமல் உல்மிலிருந்து அல்சாஸ் போகும் வழியைக் கோத்தது. இம்மென்டிங்கன் பக்கமிருந்து வூட்டாக் வழியாக இறங்குவது ஒரு துண்டு. சேக்கிங்கனிலிருந்து ஷொப்ஃபைமுக்கு வேரா பள்ளத்தாக்கு வழியாகப் போவது இன்னொன்று. அதில் ஃபார்னவ் என்ற இடத்தில் 3 கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கம். லோராக்கிலிருந்து வைலுக்குப் போகும் சின்னத் துண்டு மூன்றாவது, பாசலைத் தவிர்க்க. மூன்றும் 1890இல் திறந்தன. செலவின் பெரும்பங்கைப் பேரரசுக் கருவூலம் ஏற்றது.

இதையெல்லாம் முன்பே வாசித்திருந்தேன். தெரிந்தும் என் கேள்வி அசையவில்லை. வரலாறு ஒரு பக்கம், ரயிலில் சிரித்துக்கொண்டு போகும் சனம் ஒரு பக்கம் என்று இரண்டும் ஒட்டாமலேயே இருந்தன. ஒட்டவைத்தது சித்தப்பா.

சிங்கனிலிருந்து வால்ட்ஸ்ஹூட் போகிற ரயிலை நான் அடிக்கடி பிடிப்பேன். கொட்மடிங்கன் தாண்டினால் தாயிங்கன், அங்கிருந்து சுவிஸ். ஷாஃப்ஹவுசன், நொயின்கிர்ஹ், ட்ராசாடிங்கன், பிறகு எர்சிங்கனில் மறுபடி ஜேர்மனி. எல்லை வந்துபோவது யாருக்கும் தெரியாது. கைபேசியில் தொலைபேசி நிறுவனம் அனுப்பும் வரவேற்புக் குறுஞ்செய்திதான் எல்லைக்கு ஒரே அடையாளம். ஒருமுறை சித்தப்பாவும் கூட வந்தார். பேச்சுவாக்கில் பன்றிவால் ரயிலைப் பற்றிச் சொல்லி, கைபேசியில் எப்ஃபன்ஹோஃபன் பாலத்தின் படத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"உந்தப் பள்ளத்தாக்கு எனக்குத் தெரியும் தம்பி. உதாலைதான் நான் முதல்முதல் சிங்கனுக்கு வந்தனான். பஸ்ஸிலை."

"ஏன் சித்தப்பா பஸ்? அப்பவும் இந்த ரயில் ஓடினதுதானே?"

"ஓடினது. சுவிசுக்குள்ளாலை எல்லோ ஓடினது. என்னட்டை இருந்தது ஒரு தற்காலிகக் கடதாசி. நடுவிலை ஆரும் ஏறி ‘காட்டு’ எண்டா என்னத்தைக் காட்டுறது? இறக்கிவிட்டா ஆரிட்டைப் போறது?"

1980களின் நடுவில் அவர் வந்த வழி எங்கள் ஆட்கள் பலர் வந்த வழிதான்: விமானத்தில் கிழக்கு பெர்லின், அங்கிருந்து மேற்கு பெர்லின், பிறகு பிரித்து அனுப்பிய இடம். அவரை அனுப்பியது வால்ட்ஸ்ஹூட் பக்கம். அகதி விண்ணப்பம் முடிவாகும்வரை தன் மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கடதாசி வேண்டும். சிங்கனில் ஊர்க்காரர் ஒருவர் சுகமில்லாமல் கிடந்தார், பார்க்கப் போக அனுமதி வாங்கியிருந்தார். ஜேர்மனிக்குள் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகத்தான் அனுமதி. ஆனால் இருந்த நேர் ரயில் வேறு நாட்டுக்குள் போய் வருகிறது. இறங்காமல் இருந்தால் ஒன்றும் நடக்காது என்று தங்கியிருந்த இடத்தில் சொன்னார்களாம். நம்பிப் பார்க்கிற நிலையில் அவர் இல்லை. வரைபடத்தை விரித்து, சுவிசைத் தொடாத வழியைத் தேடினார். ஸ்டூலிங்கன், ஃப்யூட்சன், ப்ளும்பெர்க், அங்கிருந்து சிங்கன். பஸ் மாறி மாறி முக்கால் நாள்.

அவர் சொல்லி முடித்தபோது ரயில் ஷாஃப்ஹவுசனில் நின்றிருந்தது. சனம் ஏறியது, இறங்கியது. எனக்குப் பேச்சு வரவில்லை. ஏனென்றால் அவர் விரல் போன வழி மோல்ட்கவின் ஆட்கள் கோத்த அதே வழி. பெரிய படைத்தலைமையகமும் கையில் ஒரு கடதாசியோடு நின்ற இருபத்திரண்டு வயதுப் பொடியனும் ஒரே வரைபடத்தைப் பார்த்து, ஒரே இடத்தில் தடைப்பட்டு, ஒரே பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒருவர் போருக்குப் போக. மற்றவர் போரிலிருந்து வந்து.

அன்றைக்குப் பிறகு அந்தச் சுரங்கத்தை நான் வேறு கண்ணால் பார்க்கிறேன். அதுவரை அது எனக்கு ஒரு பேரரசின் பலத்தைக் காட்டுகிற சங்கதி. இப்போது அதே சுரங்கத்தில் ஒரு எல்லையின் பலம் தெரிகிறது. ஷாஃப்ஹவுசன் சுவிசின் ஒரு சின்ன மாநிலம். அந்தச் சின்ன மாநிலத்தின் எல்லையைத் தாண்டலாம் என்று ஐரோப்பாவின் பலமான படை அன்றைக்குக் கணக்குப் போடவில்லை. தாண்டாமல் இருக்க மூன்று வருடம் மலையைக் குடைந்தது, பாதையை இரண்டரை மடங்கு நீட்டியது. நடுநிலை என்பது காகிதத்தில் எழுதிய வார்த்தை என்று நினைப்பவர்களுக்கு, அந்த வார்த்தைக்காகத் தோண்டிய 1,700 மீட்டர் கல்லையும் மண்ணையும் காட்டலாம்.

ஆனால் இதை மரியாதை என்று சொல்லி மகிழ்ந்துவிடவும் முடியாது. 1914 ஆகஸ்டில் அதே படை பெல்ஜியத்துக்குள் புகுந்தது. பெல்ஜியத்தின் நடுநிலையும் 1839இலிருந்து ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டதுதான், பிரஷ்யாவின் கையெழுத்தும் அதில் இருந்தது. அங்கே சுற்றிப் போகிற வழி யாரும் தேடவில்லை, எல்லையை மிதித்துக்கொண்டு நேராகப் போனார்கள். ஆக, வூட்டாக்கில் வேலை செய்தது மனச்சாட்சி என்று நான் நம்பவில்லை. சுவிசைச் சீண்டினால் என்ன விலை, சுற்றிப் போனால் என்ன விலை என்று பார்த்திருக்கிறார்கள். சுற்றிப் போவது மலிவாக இருந்திருக்கிறது. ஒரு நாட்டை மதிப்பதும் மிதிப்பதும் ஒரே மேசையில், ஒரே விதமான கணக்கால் தீர்மானமாகியிருப்பதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. எல்லைக்கோடு யாருக்குக் காவல், யாருக்குத் தடை என்பதைக் கோட்டின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நிற்கிற பொடியன் தீர்மானிப்பதில்லை.

பிறகு அது என்ன ஆனது

இரண்டு உலகப் போர்களிலும் படை ரயில்கள் இந்தப் பாதையில் ஓடின. ஆனால் எந்தக் காட்சியை மனதில் வைத்துக் கட்டினார்களோ, உல்மிலிருந்து பெல்ஃபோர் நோக்கி வரிசையாகப் போகும் தீர்க்கமான படையெடுப்பு, அது அந்த உருவில் வரவேயில்லை. ஊர்ச் சனத்துக்கும் இதனால் பெரிய லாபமில்லை. 9.6 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஊருக்கு 25 கிலோமீட்டர் சுற்றிப் போகிற ரயிலில் யார் ஏறுவார்கள்? பஸ்ஸும் காரும் வந்தபின் கேட்கவே வேண்டாம். வைட்சனுக்கும் ப்ளும்பெர்க்குக்கும் நடுவே பயணிகள் சேவை 1955இல் நின்றது.

அப்போதும் பாதையைக் காப்பாற்றியது படைத்தேவைதான். 1960களில் நேட்டோவுக்காக, பாலங்களையும் பாதையையும் அரசுப் பணத்தில் புதுப்பித்தார்கள். இந்தத் தடவை எதிரி பிரான்ஸ் இல்லை, பிரான்ஸ் கூட்டாளி. கட்டிய காரணம் தலைகீழாகிப் போயும் பாரமான ரயிலை மெல்லிய ஏற்றத்தில் கொண்டுபோகிற அந்தக் குணம் மட்டும் இன்னொரு படைக்குப் பிடித்திருந்தது. அந்தத் தேவையும் தீர்ந்து 1976இல் பாதையைக் கைவிட்டார்கள். அடுத்த வருடமே, 1977இல், ப்ளும்பெர்க் ஊரும் பழைய ரயில்களில் பைத்தியமான தன்னார்வலர்களும் சேர்ந்து அருங்காட்சியக ரயிலாக ஓட்டத் தொடங்கினார்கள். நேட்டோ போட்ட பணம் இல்லையென்றால் அன்றைக்கு ஓட்டுவதற்குப் பாலம் நின்றிருக்குமா என்பது சந்தேகம். அந்தச் சந்தேகத்தை நான் எங்கேயும் தள்ளி வைக்க விரும்பவில்லை.

கூடப் பிறந்த ஃபார்னவ் சுரங்கத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதுவும் இதே காரணத்துக்காக, இதே வருடம் திறந்தது, நீளத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வேரா பாதையை 1971இல் மூடிவிட்டார்கள். அந்த மலைக்கு மேலே வீடுகளும் தோட்டங்களும் இருக்கின்றன. கீழே என்ன இருக்கிறது என்று யாரும் டிக்கெட் எடுத்துப் பார்க்கப் போவதில்லை.

வூட்டாக் சுரங்கங்களில் இப்போது இன்னொரு கூட்டமும் குடியிருக்கிறது. அபூர்வமான வௌவால்கள். மாரி காலத்தில் சுரங்கச் சுவரின் கல்லிடுக்குகளில் தொங்கியபடி உறங்கும். உறக்கம் கலையக் கலைய, அடுத்த வசந்தம் வரை தாங்க வேண்டிய கொழுப்பு வீணாகக் கரையும். அதனால் மாரியில் ரயில் ஓடுவதற்குத் தடை. நத்தார்க் காலத்துச் சிறப்பு ரயில்களுக்கு நல்ல கூட்டம் வரும், அதை விட முடியாது என்று ஊரில் சிலர் வாதாடினார்கள். அவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது, தன்னார்வலர்கள் ஓட்டும் ரயிலுக்கு வருமானம் முக்கியம். ஆனாலும் நான் வௌவால்கள் பக்கம். படை ரயில் நிற்காமல் போவதற்காகக் கட்டிய இடத்தில் சில கிராம் எடையுள்ள ஒரு உயிரின் தூக்கத்துக்காக ரயிலை நிறுத்துகிறார்கள் என்றால், அந்தக் கட்டிடத்தின் வரலாற்றில் எனக்கு முழுமனதாகப் பிடித்த பக்கம் அதுதான்.

ரசிப்பதா வேண்டாமா என்ற கேள்வி இன்னும் முடிந்துவிடவில்லை. முடியவும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் விருந்தினரைக் காரில் நேரே ப்ளும்பெர்க்குக்குக் கொண்டுபோவேன். இப்போது காலையில் முதலில் சிங்கனில் ரயில் ஏற்றி, ஷாஃப்ஹவுசன் வழியாக எர்சிங்கன் வரை போய்த் திரும்புகிறோம். ஒன்றும் நடக்காத, யாரும் நிமிர்ந்து பார்க்காத அந்தப் பயணத்தை அவர்கள் முதலில் பார்க்கட்டும். மத்தியானம் சோல்ஹவுஸ். சித்தப்பாவும் போன கோடையில் வந்தார். பாலத்தில் போகும்போது எல்லோரும் ஆகாயத்தையும் காட்டையும் படம் எடுக்க, அவர் கீழே தெருவைத் தேடிக்கொண்டிருந்தார்.

நீங்களும் போவதென்றால் வசந்தத்துக்கும் இலையுதிர் காலத்துக்கும் நடுவில், ஓடும் நாளைப் பார்த்துப் போங்கள், எல்லா நாளும் ஓடாது. இறங்கும்போது எங்கே இருந்தாலும் சரி. ஏறும்போது எஞ்சினை ஒட்டிய பெட்டியில் இடம் பிடியுங்கள், சுரங்கத்துக்குள் அதன் மூச்சு அங்கேதான் தெளிவாகக் கேட்கும். கையில் பாதி நிரம்பிய தண்ணீர்ப் போத்தல் ஒன்று இருக்கட்டும்.